கழற்றிப் பூட்டிய கார்: லோட்டஸ் செவன் வரலாறு

லோட்டஸ் செவன், 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டு இருக்கை கொண்ட திறந்த விளையாட்டுக் கார். இதை உருவாக்கியவர் காலின் சாப்மன். இரும்புக் குழாய்களால் ஆன சட்டகம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, வெளியே தனியாக நிற்கும் முன்சக்கரங்கள், கதவே இல்லாத பக்கங்கள் ஆகியவை இதன் அடையாளம். எடை அரை டன்னுக்கும் குறைவு. இங்கிலாந்தில் இதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் முழுக் காராக வாங்கவில்லை. உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். 1973-இல் லோட்டஸ் நிறுவனம் இந்தக் காரைக் கைவிட்டது. அன்றிலிருந்து கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் இதைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது. இன்று 'கிட் கார்' என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வரும் உருவம் செவனுடையதுதான்.

இந்தக் காரின் வரலாற்றை ஒரு பொறியாளரின் மேதைமை பற்றிய கதையாகவே சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு என்றாலும், பிரித்தானிய வரிச்சட்டமும் போருக்குப் பிந்தைய வறுமையும் இல்லாவிட்டால் செவன் இந்த வடிவில் பிறந்திருக்காது.

முன்கதை: ஆஸ்டின் செவன்

1922 முதல் 1939 வரை ஆஸ்டின் நிறுவனம் 'ஆஸ்டின் செவன்' என்ற சிறிய காரை ஏறத்தாழ 2,90,000 எண்ணிக்கையில் தயாரித்தது. 747 கன செ.மீ. என்ஜின் கொண்ட இந்தக் கார்தான் பிரித்தானிய நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இவை பழைய இரும்புக்கடைச் சரக்காகிவிட்டிருந்தன. உடல் துருப்பிடித்துக் கிடந்தாலும் அடிச்சட்டமும் என்ஜினும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. சட்டகம் ஆங்கில 'ஏ' எழுத்து வடிவில் மிக எளிமையானது. மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை வைப்பது ஒருவர் கையால் முடிகிற வேலை.

புதிய கார் கிடைப்பதோ அரிது. போருக்குப் பின் பிரிட்டன் அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியை முன்னிறுத்தியது. தயாரான கார்களில் பெரும்பகுதி கப்பலேறியது. உள்நாட்டில் வாங்க விரும்பியவர் நெடுங்காலம் காத்திருந்தார். பெட்ரோல் பங்கீடு 1950 வரை நீடித்தது. ஆனால் நாடெங்கும் ராணுவத்தில் என்ஜின் பழுதுபார்க்கக் கற்றுத் திரும்பிய இளைஞர்கள் இருந்தார்கள். வேலை தெரிந்த கைகளும் மலிவான பழைய பாகங்களும் ஒரே நேரத்தில் கிடைத்ததால் 'ஸ்பெஷல்' எனப்படும் சொந்தக் கைவேலைக் கார்கள் பெருகின. 1939-இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப் இவர்களுக்குப் பந்தயங்களையும் விதிகளையும் அமைத்துக் கொடுத்தது. கிளப்பின் பெயரில் உள்ள எண் ஆஸ்டின் செவன் என்ஜினின் கொள்ளளவைக் குறிப்பது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்த சாப்மன் (1928–1982) இப்படித்தான் தொடங்கினார். 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை மாற்றியமைத்துத் தன் முதல் காரை உருவாக்கினார். பின்னாளில் மனைவியான ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் பட்டறை. நிறுவனம் தொடங்க முதலீடாக ஹேசல் தந்த 25 பவுண்டு கடனும் லோட்டஸ் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படுவது. 1952 ஜனவரியில் லோட்டஸ் எஞ்சினியரிங் கம்பெனி பிறந்தது. இடம், வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில் சாப்மனின் தந்தை நடத்திய மதுவிடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்.

இதே காலத்து இன்னொரு 'ஸ்பெஷல்' கட்டியவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஜான் ஹேன்ஸ் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர். படிப்புக்காக இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு வந்த ஹேன்ஸ், ரக்பி ஆட்டத்திலிருந்து விலக்குப் பெற்று, அந்த நேரத்தில் ஓர் ஆஸ்டின் செவனை ஸ்பெஷலாக மாற்றினார். அதை எப்படிச் செய்வது என்று 1956-இல் அவரே எழுதி வெளியிட்ட சிறு கையேடு 250 பிரதிகளும் பத்து நாட்களில் விற்றுத் தீர்ந்தன. உலகெங்கும் மெக்கானிக்குகளின் மேசையில் கிரீஸ் படிந்து கிடக்கும் 'ஹேன்ஸ் மேனுவல்' வரிசைக்கு வித்து அந்தக் கையேடு. செவனின் கதையில் அவர் பெயர் நாற்பது ஆண்டு கழித்து மீண்டும் வரும்.

லோட்டஸ் சிக்ஸ்

1952-இல் வந்த லோட்டஸ் மார்க் சிக்ஸ்தான் செவனின் நேரடி முன்னோடி. இதில் சாப்மன் ஆஸ்டினின் பழைய சட்டகத்தை விட்டுவிட்டுத் தன் படிப்பைப் பயன்படுத்தினார். ரயில் பாலங்களில் இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக இணைந்திருப்பதைப் பார்த்திருப்போம். அதே முறையில் மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தால், ஒவ்வொரு குழாயும் இழுவிசையையோ அமுக்குவிசையையோ மட்டும் தாங்கும், வளைய வேண்டியதில்லை. வளையாத குழாய் தடிமனாக இருக்கத் தேவையில்லை என்பதால் சிக்ஸின் வெற்றுச் சட்டகம் ஏறத்தாழ 25 கிலோதான் இருந்தது. இருவர் சேர்ந்து எளிதாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

சட்டகங்களைப் புராகிரஸ் சேசிஸ் என்ற சிறு நிறுவனமும், அலுமினிய உடலை வில்லியம்ஸ் அண்ட் பிரிச்சர்ட் நிறுவனமும் செய்து கொடுத்தன. வாங்குபவர் என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவற்றைப் பழைய ஃபோர்டு காரிலிருந்தோ வேறு வழியிலோ தானே தேடிக்கொள்வார். ஏறத்தாழ நூறு சிக்ஸ்கள் இப்படி விற்றன. லோட்டஸிடம் முழுக் கார் தயாரிக்கும் வசதி அப்போது இல்லை. ஆகவே பாகங்களாக விற்பது முதலில் ஏழ்மையின் தேவை. அது லாபகரமான தந்திரமும்கூட என்பது அதன்பின் தெளிவாயிற்று.

கொள்முதல் வரி

1940-இல் போர்க்காலத்தில் பிரிட்டன் 'கொள்முதல் வரி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆடம்பரப் பொருள்களின் மொத்த விலைமீது விதிக்கப்பட்ட வரி இது. போர் முடிந்தும் போகவில்லை. கார்கள்மீதான விகிதம் 1951-இல் 66⅔ சதவீதத்தைத் தொட்டது, 1953-இல் 50 ஆகக் குறைந்தது, 1955 அக்டோபரில் மறுபடி 60 ஆனது. லோட்டஸ் செவன் வெளிவந்த 1957-இல் நடப்பில் இருந்தது இந்த 60 சதவீதம்தான்.

இந்த வரி முழுமையான காருக்கு மட்டுமே உரியது. உதிரிப் பாகங்களுக்கு இல்லை. ஒரு காரையே பாகங்களாகப் பிரித்து விற்றால், வாங்குபவர் கூலி கொடுத்து ஆள் வைக்காமல் தன் கையால் பூட்டினால், அது காரல்ல, பாகங்களின் தொகுப்பு. இந்த இடைவெளிக்குள் ஒரு தொழிலே முளைத்தது. லோட்டஸ் மட்டுமல்ல, டி.வி.ஆர்., ஜினெட்டா, மார்கோஸ் என இன்று விளையாட்டுக் கார் ஆர்வலர்கள் மதிக்கும் பல பெயர்கள் இந்த வரிவிலக்கின் நிழலில் வளர்ந்தவை.

அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள் என்பது லோட்டஸ் வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. தொகுப்புடன், அதை எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பு தரக்கூடாது. சாப்மன் அதற்குக் கண்ட விடை, காரை எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பைத் தருவது. வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு வர வேண்டியதுதான். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் கவிழ்ப்பதில் சாப்மன் பின்னாளில் பந்தய விதிகளிலும் வல்லவராக அறியப்பட்டார். அதற்கான பயிற்சி இங்கேயே தொடங்கிவிட்டது போலும்.

இதன் இன்னொரு பக்கத்தை ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. வருவாய்க்காக எழுதப்பட்ட ஒரு வரிவிதி, பிரேக் குழாயை முறுக்குவது, ஸ்டியரிங் இணைப்பைப் பூட்டுவது போன்ற உயிர் தொங்கும் வேலைகளைப் பயிற்சி பெற்ற தொழிலாளியிடமிருந்து எடுத்து, தெளிவான கையேடு கூட இல்லாத வாங்குபவரிடம் கொடுத்தது. 1950-களின் கிட் கார்கள் எல்லாம் நன்றாகப் பூட்டப்பட்டவை அல்ல. கண்ணாடியிழை உடலை வாங்கிப் பழைய ஃபோர்டு அடிச்சட்டத்தின்மேல் கவிழ்த்து வைத்த பல முயற்சிகள் பாதியிலேயே தோட்டத்தில் கிடந்து மக்கின.

செவன் எப்படிப்பட்ட கார்

பெயரில் ஒரு சிறு குழப்பம் உண்டு. சிக்ஸுக்குப் பிறகு லோட்டஸ் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிட்ட பந்தயக் கார்களைச் செய்தது. ஏழாம் எண்ணுக்குத் திட்டமிட்ட கார் லோட்டஸ் பெயரில் வராததால் அந்த எண் காலியாக இருந்தது. 1957-இல் சிக்ஸுக்கு வாரிசாக வந்த எளிய காருக்கு அது வைக்கப்பட்டது.

முதல் வரிசைச் செவனில் ஃபோர்டின் 1172 கன செ.மீ. பக்க வால்வு என்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். இன்றைய சிறிய ஸ்கூட்டர்களைவிடச் சில மடங்கு மட்டுமே அதிகமான ஆற்றல் அது. ஆனால் தள்ள வேண்டிய எடையே இல்லை. எடை குறைந்தால் முடுக்கம் மட்டும் கூடுவதில்லை. பிரேக் சிறிதாக இருந்தால் போதும், டயர் குறுகலாக இருக்கலாம், ஸ்பிரிங் மென்மையாக இருக்கலாம், அவையெல்லாம் சேர்ந்து எடையை மேலும் குறைக்கும். முதலில் எளிமையாக்கு, பிறகு எடையைக் குறை என்ற கருத்து சாப்மனின் பெயரில் வழங்குவது இதனால்தான். அடித்தளத் தகடும் நடுச்சுரங்கத் தகடும் வெறும் மூடிகள் அல்ல. சட்டகத்தோடு ரிவெட் அடிக்கப்பட்டு அதை முறுகாமல் பிடிப்பவையும் அவைதான்.

1960-இல் இரண்டாம் வரிசை வந்தது. சட்டகத்தில் குழாய்கள் குறைந்தன, மூக்கும் மட்கார்டும் கண்ணாடியிழையாயின, விலை இறங்கியது. சுமார் 1,300 கார்கள் விற்ற இந்த வரிசைதான் லோட்டஸ் காலத்தில் அதிகம் விற்றது. காஸ்வொர்த் நிறுவனம் மெருகேற்றிய ஃபோர்டு என்ஜினுடன் 'சூப்பர் செவன்' வந்ததும் இப்போதுதான். காஸ்வொர்த்தை நிறுவிய மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் இருவரும் லோட்டஸில் வேலை பார்த்தவர்கள்.

சிக்கனத்துக்கு விலையும் இருந்தது. இரண்டாம் வரிசையில் பின் ஆக்சிலை நிலைநிறுத்தும் 'ஏ' வடிவச் சட்டம் டிஃபரன்ஷியல் உறையின் அடியில் இணைக்கப்பட்டது. சாதாரணக் குடும்பக் காருக்குச் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் நிறுவன ஆக்சில் அது. வேகமான திருப்பங்களில் உறை முறுகும், இணைப்பு தளரும், எண்ணெய் கசியும். எண்ணெய் வற்றியது தெரியாமல் ஓட்டினால் பல்சக்கரம் போகும். 1968-இல் வந்த மூன்றாம் வரிசையில் வலுவான ஃபோர்டு ஆக்சில் வைக்கப்பட்டது. பழைய செவன் வாங்குபவர் இன்றும் முதலில் தரையில் படுத்து இந்த இடத்தைத்தான் பார்ப்பார்.

கொட்டகையில் நடப்பது

பாகங்கள் பெட்டிகளாக வந்து இறங்கும். சட்டகத்தைத் தாங்கிகள்மேல் நிறுத்தி, முதலில் முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ராக், பிரேக் குழாய், எரிபொருள் குழாய் என்று கைக்கு எட்டும்போதே முடிக்க வேண்டியவற்றை முடிப்பார்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியே இறக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பூட்டி, சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, வாலைச் சரித்துச் சுரங்கத்துக்குள் நுழைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நண்பர்கள் வேண்டும், மற்றவற்றுக்குப் பொறுமை போதும். பிறகு பின் ஆக்சில், மின்கம்பிச் சேணம், ரேடியேட்டர். மூக்கும் மட்கார்டுகளும் கடைசி, ஏனென்றால் வண்ணம் பூசிய பாகத்தில் ஸ்பேனர் விழுந்தால் அழிக்க முடியாது. இன்றைய கேட்டர்ஹாம் தொகுப்புக்குப் பொதுவாக 80 முதல் 100 மணி நேரம் ஆகும் என்பது கணக்கு.

புதியவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. சஸ்பென்ஷன் கைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்கள் முறுக்கிக் கொடுத்துத்தான் அசைகின்றன. கார் தாங்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். ஆகவே கையால் மட்டும் முறுக்கி விட்டுவிட்டு, காரைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் எடைக்குச் சமமான சுமையை இருக்கையில் வைத்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். ஓட்டுபவரின் எடை காரின் எடையில் ஆறில் ஒரு பங்கை நெருங்கும் கார் இது என்பதை மறக்கக்கூடாது.

லோட்டஸ் விலகுதல்

1960-களில் லோட்டஸ் வேறு நிறுவனமாகிவிட்டது. 1959-இல் ஹார்ன்சியிலிருந்து செஸ்ஹண்டுக்கும், 1966-இல் நார்ஃபோக்கின் ஹெத்தலுக்கும் இடம் மாறியது. 1963-இல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். குதிரை லாயத்தில் பிறந்த செவன், சாப்மன் போக விரும்பிய பாதைக்கு ஒவ்வாத ஏழை உறவினர் போலாயிற்று. 1962 நவம்பரில் கார் வரி 25 சதவீதமாக இறங்கியதும் தொகுப்பின் விலைச் சாதகமும் சுருங்கியது.

ஆனால் எதிர்பாராத விளம்பரம் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. 1967-இல் ஒளிபரப்பான 'தி பிரிசனர்' தொடரின் தொடக்கக் காட்சியில் பாட்ரிக் மெக்கூஹன் பச்சையும் மஞ்சளுமான ஒரு செவனை லண்டன் தெருக்களில் ஓட்டி வந்தார். அமைப்புக்கு அடங்காத மனிதனின் கதைக்கு அமைப்புக்கு அடங்காத கார். தொடர் பெற்ற நீடித்த ரசிகர் கூட்டம் காருக்கும் ஒட்டிக்கொண்டது.

1970-இல் வந்த நான்காம் வரிசை கண்ணாடியிழை உடலும் சற்று வசதியும் கொண்டது. புதியவர்களைக் கவரச் செய்த மாற்றம் பழைய ரசிகர்களைக் கசக்க வைத்தது. 1973 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் கொள்முதல் வரியை ஒழித்து மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்தது. இது பாகங்களுக்கும் உண்டு. சாப்மனுக்குச் செவனை வைத்திருக்கக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

சர்ரே மாவட்டத்தின் கேட்டர்ஹாம் ஊரில் லோட்டஸ் முகவராக இருந்த கிரகாம் நியர்ன் 1973-இல் தயாரிப்பு உரிமையை வாங்கினார். முதலில் நான்காம் வரிசையைச் செய்து பார்த்துவிட்டு, 1974-இல் பழைய மூன்றாம் வரிசைக்குத் திரும்பினார். புதிய மாதிரியை விட்டுப் பழைய மாதிரிக்குத் திரும்பி, அதனால் அரை நூற்றாண்டு பிழைத்த கார் நிறுவனம் அபூர்வம்.

வரி போனது, பெட்டி போகவில்லை

கிட் கார் வரி ஏய்ப்பின் குழந்தை என்றால், 1973-க்குப் பிறகு அது செத்திருக்க வேண்டும். சாகாததற்கு ஒரு காரணம் இன்னொரு சட்டம். 1970-களின் பிற்பகுதியில் முழுக் கார்களுக்கு வகை ஒப்புதல் கட்டாயமானது. மோதல் சோதனை முதலியவற்றின் செலவைச் சிறு நிறுவனம் தாங்காது. பாகங்களாக விற்கப்படும் காருக்கு அந்த விதி பொருந்தவில்லை. வரியிலிருந்து தப்பிக்கப் பயன்பட்ட அதே பெட்டி இப்போது ஒழுங்குமுறையிலிருந்து தப்பிக்கப் பயன்பட்டது.

ஆனால் சட்டம் மட்டும் காரணமல்ல. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் வெஸ்ட்ஃபீல்டு, நெதர்லாந்தில் டோங்கர்வோர்ட், தென்னாப்பிரிக்காவில் பிர்கின் எனச் செவனைப் போன்ற கார்கள் பல நாடுகளில் எழுந்தன. வெஸ்ட்ஃபீல்டின் கார் அளவுக்கு மீறி ஒத்திருந்ததால் கேட்டர்ஹாம் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்து, வெஸ்ட்ஃபீல்டு தன் உடல் வடிவத்தை மாற்றிக்கொண்டது. காப்புரிமையால் காப்பாற்ற முடியாத அளவுக்கு எளிமையான கார் என்பதே அதன் பலமும் பலவீனமும்.

கேட்டர்ஹாம் விலை ஏறிக்கொண்டே போக, செவன் மெல்லப் பணக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காயிற்று. இதை உடைத்தவர் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர். 250 பவுண்டுச் செலவில் விளையாட்டுக் கார் கட்டுவது எப்படி என்று 1996-இல் அவர் ஒரு நூல் எழுதினார். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை வாங்கி, வெல்டிங் கற்றுக்கொண்டு, சட்டகத்தையும் நீங்களே செய்யுங்கள், மற்றதெல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து என்றது அந்நூல். இவ்வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் வந்தது. 250 பவுண்டில் முடித்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம். நூலை வெளியிட்டது ஹேன்ஸ் பதிப்பகம். ரக்பி ஆடாமல் ஸ்பெஷல் கட்டிய தேயிலைத் தோட்டத்துப் பையன் நிறுவியது.

கேட்டர்ஹாம் 2011-இல் மலேசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் கைக்கும், 2021-இல் ஜப்பானின் வி.டி. ஹோல்டிங்ஸ் கைக்கும் மாறியது. சுசுகியின் 660 கன செ.மீ. என்ஜின் கொண்ட சிறிய மாதிரி, ஜப்பானியச் சிறு கார் வகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதன் எடை 440 கிலோ.

பழைய காரும் புதிய சோதனையும்

பழைய செவனோ அதன் நகலோ வாங்குபவர் பார்ப்பது ஓடிய தூரத்தை அல்ல. அலுமினியத் தகடும் இரும்புக் குழாயும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். வண்ணப்பூச்சு குமிழ்விட்டிருந்தால் அடியில் வெள்ளைத் தூள் இருக்கும். முன் சஸ்பென்ஷன் இணையும் குழாய்கள் லேசாக வளைந்திருந்தாலும் பழைய மோதல் என்று பொருள். பூட்டியவர் வைத்திருந்த ரசீதுகளும் படங்களும் இருந்தால் விலை கூடும், ஏனெனில் ஒரு கிட் காரின் உண்மையான தயாரிப்பாளர் அவர்தான். அடையாளம் நிறுவ முடியாத கலவைக் கார்களுக்குப் பிரிட்டனில் 1983 முதல் 'க்யூ' எழுத்துப் பதிவெண் தரப்படுகிறது. அது விற்பனை மதிப்பைக் குறைக்கும்.

1998 முதல் வீட்டில் பூட்டிய கார்களும் ஒற்றை வாகன ஒப்புதல் சோதனைக்கு வந்தன. 2009-இல் அது தனி வாகன ஒப்புதல் என்ற கடுமையான வடிவம் பெற்றது. பிரேக் சமநிலை, விளக்கின் உயரம், கண்ணாடியின் பார்வைக்கோணம் எல்லாம் அளக்கப்படும். பாதசாரி மீது படக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். செவன் போன்ற காரில் வெளியே தெரியாத போல்ட் இல்லை. எனவே சோதனை நாளன்று இந்தக் கார்கள் முனைக்கு முனை பிளாஸ்டிக் தொப்பியும் விளிம்புக்கு விளிம்பு ரப்பர் பட்டையும் அணிந்து நிற்கும். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் அவற்றையெல்லாம் கழற்றி, அடுத்துப் பூட்டுபவருக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு.